வெண்மலையைச் சுற்றிய பாதை

மாணவ நண்பர்களே, மலைகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் சிகரங்களின் வரலாற்றையே எழுதிவிடுகின்றனர். எந்தச் சிகரத்தில், எந்த ஆண்டில், எவர் முதலில் கால் வைத்தார் என்பதே அவ்வரலாற்றின் பொருளாக அமைந்துவிடுகிறது. நான் இன்று பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு சிகரத்தின் அடியைச் சுற்றிவரும் நடைபாதை. அதில் நடப்பவர் எவரும் அந்தச் சிகரத்தை அடைவதில்லை. ஆயினும், அந்த மலையைப் பற்றி மனிதர் அறிந்தவற்றுள் பெரும்பகுதி இப்பாதையின் வழியாகவே வந்தது என்பது என் கருத்து. அதற்குச் சான்று காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மிக உயர்ந்த சிகரம் மோன் பிளாங்க். வெண்மலை என்பது அப்பெயரின் பொருள். அதன் உச்சியில் உள்ள பனிமூடி ஆண்டுக்கு ஆண்டு தடித்தும் மெலிந்தும் வருவதால், மலையின் உயரமும் சிறிது மாறிக்கொண்டே இருக்கும். 2023ஆம் ஆண்டில் அளந்தபோது அது 4,805.59 மீட்டர். இம்மலைத் திரளைச் சுற்றி ஏறத்தாழ 170 கிலோமீட்டர் நீளமுள்ள வட்டப்பாதை செல்கிறது. பிரான்சு, இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் மண்ணை மிதித்துத் தொடங்கிய இடத்திற்கே வந்து சேர வேண்டும். பொதுவாக நடப்போருக்குப் பத்து நாள் அளவில் ஆகும். அத்தனை நாளும் ஏறிய ஏற்றங்களை ஒன்றாகக் கூட்டினால் சுமார் 10,000 மீட்டர் வரும். சிகரத்தை ஏறாதவர், அதனினும் இருமடங்கு உயரத்தைத் துண்டு துண்டாக ஏறி இறங்கிவிடுகிறார்!

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் நான் இப்பாதையில் நடந்தேன். அதன் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரான்சில் உள்ள ஷாமொனிப் பள்ளத்தாக்கில் தொடங்குவோர் பெரும்பாலும் இடஞ்சுழியாகவே செல்வர். போனோம் கணவாயைக் கடந்து, 2,516 மீட்டர் உயரமுள்ள சேஞ் கணவாயில் ஏறினால், அங்கே இத்தாலி தொடங்குகிறது. வேனிப் பள்ளத்தாக்கில் இறங்கிக் கூர்மாயர் என்னும் ஊரை அடைந்து, மீண்டும் 2,537 மீட்டர் உயரமுள்ள பெரிய ஃபெரே கணவாயில் ஏறினால் சுவிட்சர்லாந்து. அங்கே ஷாம்பே ஏரிக்கரையில் இளைப்பாறி, பால்ம் கணவாய் வழியே திரும்பவும் ஷாமொனிப் பள்ளத்தாக்கை அடையலாம். கடைசிப் பகுதியில், வெண்மலைக்கு நேர் எதிரே, 2,352 மீட்டர் உயரத்தில் வெள்ளை ஏரி என்று பொருள்படும் லாக் பிளாங்க் இருக்கிறது. காற்று அடங்கிய காலைப்பொழுதில் எதிர்ப்புறத்துப் பனிச்சிகரங்கள் அந்த நீரில் தலைகீழாகத் தெரியும்.

ஏரிகளும் புல்வெளிகளுமே இப்பாதையின் அழகு. இவ்விரண்டும் எவ்வாறு உண்டாயின என்று கேட்டால், விடை இருவேறு திசைகளில் செல்கிறது.

ஏரிகளைப் படைத்தவை பனியாறுகள். மலையுச்சியில் பெய்யும் பனி ஆண்டுக்கணக்கில் அழுந்தி, இறுகி, பனிக்கட்டியாகித் தன் எடையாலேயே கீழ்நோக்கி மெல்ல நகர்கிறது. நகரும்போது பாறையைச் சுரண்டிக் குழி பறிக்கிறது. சுரண்டிய கல்லையும் மண்ணையும் தன் ஓரத்திலும் முனையிலும் வரப்புப்போல் குவிக்கிறது. பின்னர்ப் பனியாறு உருகி மேலேறிச் சென்றால், குழியில் நீர் நிற்கிறது, கல்வரப்பு அணையாகிறது, ஏரி பிறக்கிறது. பனியாற்று நீர் வந்து சேரும் ஏரிகளில் சில பால் கலந்த பச்சை நிறமாக இருப்பதற்குக் காரணம், பாறை மாவாக அரைபட்டு நீரில் மிதப்பதே.

புல்வெளிகளின் கதை வேறு. மரம் வளர முடியாத உயரத்திற்கு மேலே உள்ள புல்வெளி இயற்கையின் கொடை. அதற்குக் கீழே உள்ளவற்றுள் பல, மனிதர் காட்டை விலக்கி உண்டாக்கியவை. கோடை தொடங்கும் சூன் மாதத்தில் பசுக்களை மேலே ஓட்டிச் சென்று, செப்டம்பரில் கீழே கொண்டுவருவது அப்பள்ளத்தாக்கு மக்களின் பழைய வழக்கம். ஆல்ப் என்னும் சொல்லுக்கே, அம்மலைநாட்டார் பேச்சில், கோடைக்கால மேய்ச்சல் நிலம் என்று பொருள். வெளியார் மலைத்தொடர் முழுவதற்கும் பெயராகக் கொண்ட சொல், உள்ளூராருக்கு மாடு மேயும் இடத்தின் பெயர்! அங்கே கறக்கும் பாலை நாள்தோறும் ஊருக்குச் சுமக்க இயலாது. ஆதலின் அதனைப் பெரிய பாலாடைக்கட்டி வட்டங்களாக உறையவைத்தனர். இத்தாலியப் பக்கத்து ஃபொன்தீனாவும், பிரெஞ்சுப் பக்கத்து போஃபோரும் அவ்வாறு பிறந்தவை. கோடையின் புல்லைக் குளிர்காலத்திற்கு உணவாகச் சேமித்து வைக்கும் கலை என்று இதனைச் சொல்லலாம். மேய்ச்சல் நின்றுவிட்ட இடங்களில் சில ஆண்டுகளிலேயே புதர் மண்டிவிடுகிறது. நான் கண்டு மகிழ்ந்த மலர்ப்பரப்பில் பெரும்பகுதி, பெயர் தெரியாத மாட்டிடையர் பல தலைமுறையாகக் காத்துவந்த நிலம். கணவாய்களை ஏறி இறங்கும் தடங்களிலும் பல முதலில் அவர்கள் கால்பட்டுத் தேய்ந்தவையே.

இனி வரலாற்றுக்கு வருவோம். இன்று கண்டு களிக்கும் இம்மலையை அன்று மக்கள் அஞ்சினர். பழைய நிலப்படங்களில் இது சபிக்கப்பட்ட மலை என்ற பெயருடன் காணப்படுகிறது. அச்சத்திற்குக் காரணமும் இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் குளிர் மிகுந்து, பனியாறுகள் பள்ளத்தாக்கை நோக்கி முன்னேறின; வயல்களையும் வீடுகளையும் அழித்தன. 1644ஆம் ஆண்டில் ஆயர் ஒருவர் மக்களுடன் ஊர்வலமாகச் சென்று, பனியாற்றின் முகத்தில் நின்று மந்திரித்தார் என்பது வரலாறு. வெள்ளத்தை நிறுத்த வேண்டி ஆற்றங்கரையில் நிற்கும் மக்களைப்போல, அவர்கள் பனிக்கட்டியின் முன் நின்றனர்.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 1741ஆம் ஆண்டில், வின்டம், போகாக் என்னும் இரண்டு ஆங்கிலேயர் தம் தோழர்களுடன் ஜெனீவாவிலிருந்து ஷாமொனிக்கு வந்தனர். காட்டுமிராண்டிகளின் நாட்டிற்குப் போவதாக எண்ணி ஆயுதங்களுடன் வந்தனர். பெரிய பனியாற்றைக் கண்டு வியந்தனர். பனிக்கடல் என்னும் பெயர் அவர்கள் வழியாகவே பரவியது. அவர்கள் ஷாமொனியைக் கண்டுபிடித்ததாகப் பல நூல்கள் எழுதின. ஆனால், அங்கே 11ஆம் நூற்றாண்டிலேயே ஒரு துறவிமடம் இருந்தது, உழவர் இருந்தனர், அவர்கள் வரியும் செலுத்திவந்தனர். வரி வாங்குவோர் நன்கு அறிந்திருந்த ஊரை, 600 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்திற்குப் பின் வந்தவர்கள் கண்டுபிடித்தனர் என்று சொல்வது எத்தனை விந்தை!

இந்நிலையில்தான் ஓராஸ் பெனடிக்ட் த சொசூர் என்பவர் வருகிறார். இவர் 1740ஆம் ஆண்டில் ஜெனீவாவில் பிறந்தவர். இருபதாம் வயதில், 1760இல், ஷாமொனிக்கு நடந்து வந்தார். வெண்மலையின் உச்சிக்கு வழி காண்பவருக்குப் பரிசு தருவதாக அறிவித்தார். 22ஆம் வயதில் ஜெனீவாவில் பேராசிரியரானார். பரிசு அறிவித்தும் உச்சிக்கு வழி கிடைக்கவில்லை. முயன்றவர்கள் பாதியில் திரும்பினர். அப்போது சொசூர் செய்தது என்ன? 1767ஆம் ஆண்டில் அம்மலையைச் சுற்றிவந்தார். அறிவியல் நோக்குடன் வெண்மலையைச் சுற்றிய முதற்பயணம் என்று அதனையே குறிப்பிடுகின்றனர். மாட்டிடையரும் வணிகரும் தனித்தனியே ஒவ்வொரு கணவாயைக் கடந்து வந்தனர். அவர்களுக்கு மலையைச் சுற்ற வேண்டிய தேவை இல்லை. கணவாய்கள் அனைத்தையும் ஒரே நூலில் மணிகளாகக் கோத்தது அறிவு வேட்கை.

சுற்றியதனால் அவருக்குக் கிடைத்த பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். மலைமேல் ஏற ஏறக் குளிர்வது ஏன் என்பது அந்நாளில் விடை காணாத கேள்வி. உயரத்தில் சூரியக் கதிரின் வலிமை குறைகிறதோ என்ற ஐயம் இருந்தது. சொசூர் கண்ணாடி பதித்த பெட்டி ஒன்றைச் செய்தார். உள்ளே புகுந்த வெயிலின் வெப்பம் எளிதில் வெளியேறாதபடி அதனை அமைத்தார். இன்றைய சூரிய அடுப்பின் முன்னோடி அது. 1774இல் கூர்மாயருக்கு அருகில் உள்ள கிராமோன் என்னும் மலையின் உச்சிக்கு அப்பெட்டியைக் கொண்டுசென்று வெப்பத்தை அளந்தார். பின்னர்க் கீழே இறங்கியும் அளந்தார். வெளிக்காற்று மேலே மிகவும் குளிர்ந்திருந்தது; கீழே வெதுவெதுப்பாக இருந்தது. பெட்டியினுள் இருந்த வெப்பமோ இரண்டு இடத்திலும் ஏறத்தாழ ஒன்றே. எனவே கதிரின் வலிமை குறையவில்லை, அங்குள்ள காற்றுக்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் திறனே குறைவு என்று அவர் உணர்ந்தார். வெண்மலையின் உச்சியை அவர் அப்போது தொட்டிருக்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள். ஈரம் பட்டால் மனிதத் தலைமயிர் நீளும் என்பதைக் கொண்டு காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் கருவியையும், வானத்தின் நீலம் எவ்வளவு செறிந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்கும் கருவியையும் அமைத்தவரும் அவரே. ஆல்ப்ஸ் பயணங்கள் என்னும் அவருடைய நூல் 1779 முதல் 1796 வரை நான்கு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது.

1786ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் நாள் உச்சி எட்டப்பட்டது. எட்டியவர் இருவர். ஒருவர் மிஷேல் கேப்ரியல் பக்கார், ஷாமொனியின் மருத்துவர். மற்றவர் ஜாக் பல்மா, மலையில் படிகக் கற்களைத் தேடி விற்றுப் பிழைத்தவர். அடுத்த ஆண்டு, 1787ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள், சொசூரும் 18 வழிகாட்டிகளுடன் உச்சியை அடைந்தார். நான்கரை மணிநேரம் அங்கே தங்கினார், காற்றழுத்தத்தை அளந்தார், நீர் கொதிக்கும் வெப்பநிலை அங்கே குறைந்திருப்பதைக் குறித்துக்கொண்டார். சுற்றியுள்ள சிகரங்களின் அமைப்பை ஒரே நோக்கில் கண்டதும், பல்லாண்டு உழைப்பால் தீராத ஐயங்கள் தீர்ந்தன என்று அவரே எழுதியுள்ளார். இதனை நான் மறைக்க விரும்பவில்லை. உச்சிக்கு உரிய பெருமை உச்சிக்கு உண்டு. ஆனால், அவர் தம் ஐயங்களை எங்கிருந்து கொண்டுவந்தார்? கீழே சுற்றிய பாதைகளிலிருந்து அல்லவா? கேள்வியுடன் ஏறியவருக்கே உச்சி விடை தந்தது.

உச்சியை எட்டிய இருவருள் பக்காருக்கு வரலாறு நீதி செய்யவில்லை. ஜெனீவாவைச் சேர்ந்த எழுத்தாளர் ஒருவர், பல்மாவே தலைவர், மருத்துவர் அவரால் இழுத்துச் செல்லப்பட்டவர் என்ற கருத்தைப் பரப்பினார். 1832இல் புகழ்பெற்ற நாவலாசிரியர் அலெக்சாந்தர் டூமா முதுமையடைந்த பல்மாவைக் கண்டு பேசி அதே கதையை எழுதினார். அதற்குள் பக்கார் இறந்துவிட்டிருந்தார். 1887இல் ஷாமொனியில் சிலை எழுந்தது. சொசூருக்கு உச்சியைச் சுட்டிக் காட்டியபடி பல்மா நிற்கிறார். பக்கார் அங்கே இல்லை. ஏற்றம் நிகழ்ந்த நாளில், பள்ளத்தாக்கிலிருந்து தொலைநோக்கியால் அதனைப் பார்த்துக் குறிப்பெழுதி வைத்திருந்தார் கெர்ஸ்டோர்ஃப் என்னும் ஜெர்மானியர். அக்குறிப்பு பிற்காலத்தில் ஆய்வாளர் கையில் கிடைத்து, மருத்துவரின் பங்கு உறுதிப்பட்டது. பக்காருக்கும் ஒரு சிலை 1986இல் எழுந்தது. நீதி வருவதற்கு 200 ஆண்டுகள் ஆயின. அந்நீதியும் கீழே நின்று பார்த்த ஒருவரின் எழுத்தினால் வந்தது.

மேலே ஏறுவோருக்கு வழிகாட்டிய எளிய மனிதர்கள் தந்த விலை பெரிது. 1820ஆம் ஆண்டில் ஹாமெல் என்பவரின் குழு ஏறிச் சென்றபோது பனிச்சரிவு நேர்ந்தது. மூன்று வழிகாட்டிகள் பனிப்பிளவில் விழுந்து மறைந்தனர். அடுத்த ஆண்டே, 1821இல், ஷாமொனி வழிகாட்டிகள் தமக்கெனச் சங்கம் அமைத்துக்கொண்டனர். 1842இல் ஸ்காட்லாந்து அறிஞர் ஜேம்ஸ் டேவிட் போர்ப்ஸ் பனிக்கடலின் நகர்வை நாள்தோறும் அளந்தார். அது இரவும் பகலும் இடைவிடாது நகர்வதைக் கண்டார். அவ்வேகத்தைக் கொண்டு, மறைந்தவர்களின் உடல்கள் விபத்திலிருந்து சுமார் 40 ஆண்டுகளில் பனியாற்றின் அடிமுனையில் வெளிப்படும் என்று கருதினார். 1861இல் பொசோன் பனியாற்றின் முனையில் அவர்களுடைய எச்சங்கள் வெளிப்பட்டன. ஓர் அறிவியல் கணக்கு இவ்வளவு துயரமான முறையில் மெய்ப்பட்டது அரிது.

இப்பாதை கடக்கும் எல்லைகளுக்கும் வரலாறு உண்டு. சொசூர் நடந்த காலத்தில் ஷாமொனியும் கூர்மாயரும் ஒரே அரசனின் ஆட்சியில், சார்டினிய அரசின் கீழ் இருந்தன. சேஞ் கணவாயின் இருபுறமும் ஒரே அரசே. 1792இல் பிரெஞ்சுப் புரட்சிப் படை மேற்குப் பகுதியான சவாயைப் பிடித்தது; 1815இல் அது மீண்டும் பழைய அரசுக்குத் திரும்பியது; 1860இல் பிரான்சுக்குத் தரப்பட்டது. சுவிட்சர்லாந்துப் பகுதியான வாலே, 1815இல்தான் அக்கூட்டமைப்பின் உறுப்பாயிற்று. ஆகவே மூன்று நாடுகளின் பாதை என்று நாம் இன்று சொல்வது 1860க்குப் பிறகே உண்மையாயிற்று. சேஞ் கணவாயில் நான் நின்றபோது இருபுறமும் ஒரே புல், ஒரே மலர், ஒரே மணியோசை. எல்லை என்பது அங்கே ஒரு கல்லளவுதான். 1965இல் மலையைக் குடைந்து 11.6 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கச்சாலை திறக்கப்பட்டது. நடப்பவர் பல நாளில் சுற்றிச் சேரும் தொலைவை ஊர்தியில் செல்வோர் சில நிமிடங்களில் கடக்கின்றனர். 2003இலிருந்து இதே மலையைச் சுற்றி ஆண்டுதோறும் ஓட்டப்பந்தயமும் நடக்கிறது. அதில் வென்றவர்களுள் சிலர் 20 மணிநேரத்திற்குள் ஓடி முடித்திருக்கின்றனர்!

ஆயினும் இப்பாதையில் இன்று நடப்பவர் கருத்தூன்ற வேண்டிய செய்தி வேறு. 1644இல் மக்கள் எந்தப் பனியாறுகள் முன்னேறுகின்றன என்று அஞ்சினரோ, அவை இன்று பின்வாங்குகின்றன. பனிக்கடல் 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலிருந்து 2 கிலோமீட்டருக்கும் மேல் நீளம் குறைந்துவிட்டது. தடிமனும் குறைந்ததனால், ஒரு காலத்தில் பனியின் ஓரத்திலேயே இருந்த மோன்தான்வேர் என்னும் இடத்திலிருந்து, பனியைத் தொட இன்று நெடுந்தொலைவு கீழே இறங்க வேண்டியிருக்கிறது. புவி வெப்பமடைவதே இவ்விரைவுக்குக் காரணம் என்பது அறிஞர் முடிவு. பனி விலகிய குழிகளில் புதிய ஏரிகள் தோன்றுகின்றன. அவை கண்ணுக்கு அழகானவையே. ஆனால், அவ்வழகு ஓர் இழப்பின் கணக்கு. கீழே வாழும் மக்களுக்குக் கோடையில் நீர் தரும் சேமிப்பு அப்பனியாறுகளே. 2025ஆம் ஆண்டைப் பனியாறுகளின் பாதுகாப்புக்குரிய பன்னாட்டு ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்ததும் இக்கவலையால்தான்.

நண்பர்களே, உச்சியில் நிற்பவரின் காலடியில் பனி அப்படியே இருப்பதாகத் தோன்றும். அது அடியில் எங்கே தொடங்குகிறது, சென்ற தலைமுறையில் எங்கே இருந்தது என்பதைச் சுற்றுப்பாதையில் நடப்பவரே காண்கிறார். விலகிய பனியின் பழைய கல்வரப்புகள் பாதையோரத்தில் கிடக்கின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்தால் அவையும் வரலாற்று ஏடுகளே. நீங்கள் வரலாற்றைப் பயிலும்போதும் இம்முறையைக் கைக்கொள்ளலாம். ஒரு பெரிய பெயரையோ, பெரிய நிகழ்ச்சியையோ கண்டவுடன் அதன் உச்சிக்கு ஓடாதீர்கள். முதலில் அதனை நாற்புறமும் சுற்றிப் பாருங்கள். அங்கே மாடு மேய்த்தவர் யார், சுமை தூக்கியவர் யார், சிலையில் இடம்பெறாதவர் யார் என்று கேளுங்கள். வெண்மலையில் பக்காரின் பெயர் மீண்டது அவ்வாறு கேட்டவர்களால்தான். புல்வெளியைக் காத்த இடையரின் பெயர்களோ இனி மீளப்போவதில்லை. அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு, அந்தப் புல்லும் நீரும் எவ்வாறு வந்தன என்பதை மறவாதிருப்பதே.